ஐந்து பேர், பதினான்கு இரவு: காரா, மோட்டார்ஹோமா, ரயிலா?

2023 கோடையில் நாங்கள் போய்வந்த ஒரு பயணத்தின் முழுக் கணக்கு இது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் வசிக்கிறோம். நான், மனைவி, 11 வயது மகன், 7 வயது மகள். ஷெங்கன் விசாவில் ஜூன் முதல் தேதி திருச்சியிலிருந்து வந்த அம்மாவையும் சேர்த்தால் ஐந்து பேர். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளத்தில் நன்றாக நடப்பார், படி ஏறுவதுதான் கஷ்டம்.

ஆகஸ்டில் 14 இரவுகள் கையில் இருந்தன. முதலில் சுவிட்சர்லாந்தில் லாட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்குப் பக்கம், அப்புறம் இத்தாலியில் மிலான், வெரோனா, வெனிஸ், கடைசியில் டோலமைட் மலைகள், அங்கிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வீடு. இந்தச் சுற்று எல்லோருக்கும் பிடித்திருந்தது. எதில் போவது என்பதுதான் முடிவாகவில்லை. ஏப்ரல் முழுக்க அதே பேச்சு.

மூன்று பேர், மூன்று ஆசை

எனக்கு மோட்டார்ஹோம் மீதுதான் ஆசை. நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டி. ஐரோப்பாவில் கேரவன் என்பது காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், எஞ்சின் இல்லாத வீடு. எஞ்சினோடு தானே ஓடும் வீட்டைத்தான் மோட்டார்ஹோம் என்கிறார்கள். போனில் அம்மாவிடம் விவரித்தேன். "அடுப்பு, கட்டில், பாத்ரூம் எல்லாம் வண்டிக்குள்ளேயா? அப்ப வீடே கூட வருதுன்னு சொல்லுடா" என்றார். அம்மா சுத்த சைவம். வெளியூர் போனால் சாப்பாட்டில் என்ன கலந்திருக்குமோ என்ற பயம் எப்போதும் உண்டு. அந்தக் கவலை ஒரே வண்டியில் தீர்ந்துவிடும் போலிருந்தது. ஏழு மீட்டர் நீளம், ஆறு பேர் படுக்க இடம், ஓட்டுநர் தலைக்கு மேலும் ஒரு படுக்கை என்று இருந்த ஒரு வண்டிக்கு உடனே முன்பணம் கட்டிவிட்டேன்.

மனைவிக்கு ரயில். "நீ ஓட்டிக்கிட்டே இருந்தா மலையை எப்ப பார்ப்பே? லீவு உனக்கும்தானே" என்பது அவள் கேள்வி. அலுவலக நண்பர் ஒருவர் சொந்தக் காரில் போவதே புத்திசாலித்தனம் என்றார். ரயிலை நம்ப வேண்டாம் என்பதற்கு அவர் எங்கள் பக்கத்து ஊரையே சாட்சிக்கு அழைத்தார். 2017 ஆகஸ்டில் ராஸ்டாட்டில் புதுச் சுரங்கம் தோண்டும்போது மேலே இருந்த தண்டவாளம் தாழ்ந்துபோய், ரைன் பள்ளத்தாக்கின் முக்கிய ரயில்பாதை ஏழு வாரம் மூடிக் கிடந்தது. நாங்கள் சுவிட்சர்லாந்து போக வேண்டியதும் அதே பாதையில்தான்.

சரி, பணம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து எழுதினோம். பக்கப் பயணங்களும் சேர்த்து சுற்று ஏறக்குறைய 1,900 கி.மீ.

மோட்டார்ஹோமுக்கு நாள் வாடகை 165 யூரோ, 15 நாளுக்கு 2,475. ஒப்படைப்புக் கட்டணமும் எரிவாயுவும் 170. நூறு கி.மீ.க்கு 12 லிட்டர் என்று வைத்தால் டீசல் 400. முகாம் மைதானங்களில் 14 இரவுக்கு 750. சாலைக் கட்டணங்கள் 120. ஆக 3,900க்குச் சற்று மேல். வண்டியில் சமைத்தால் சாப்பாட்டில் கொஞ்சம் மிச்சம்.

சொந்தக் காரில் போனால் பெட்ரோல் 250, சாலைக் கட்டணம் 120, பார்க்கிங் 220, கூரைப்பெட்டி வாடகை 90, தங்கும் வீடுகள் இரவுக்கு 170 வீதம் 2,380. மொத்தம் 3,060.

ரயிலில் போனால் பல நாடுகளிலும் செல்லும் ரயில் பாஸும் இருக்கை முன்பதிவும் 1,000, தங்குவது அதே 2,380, உள்ளூர்ப் போக்குவரத்து 250. டோலமைட்டில் மட்டும் நான்கு நாள் வாடகைக் கார் எடுத்தால் 380. மொத்தம் 4,010.

இந்தத் தொகைகள் எங்கள் ஐந்து பேருக்கு, அந்த ஆகஸ்டுக்கு உரியவை. வேறு குடும்பத்துக்கு மாறும். மோட்டார்ஹோமும் ரயிலும் ஏறக்குறைய சமம், கார் 900 யூரோ மலிவு. 900 யூரோ எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. கார் அங்கேயே ஜெயித்திருக்க வேண்டும்.

ஜெயிக்காததற்குக் காரணம் பின் இருக்கை. அம்மாவுக்கு முழங்காலை மடக்கி வெகுநேரம் உட்கார முடியாது, அதனால் முன் இருக்கை அவருக்கு. ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. உயரம், இரண்டில் ஒன்றைத் தாண்டும்வரை பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். மகனும் மகளும் அதற்குள்தான் வருகிறார்கள். பின்னால் இரண்டு பக்கமும் பிள்ளை இருக்கைகளைப் போட்டுவிட்டு நடுவில் மிஞ்சிய இடத்தை அளந்தேன். ஒரு முழம்கூட இல்லை. 1,900 கி.மீ. முழுவதும் மனைவி அந்த இடத்தில்தான் உட்கார வேண்டும். கூரைப்பெட்டி வைத்தால் வண்டி உயரம் 1.95 மீட்டர் ஆகிறது. நகரங்களில் பல பார்க்கிங் கட்டடங்களின் வாசலில் 1.90 மீட்டரில் குறுக்குக் கம்பி இருக்கிறது. பெரிய கார் வாடகைக்கு எடுத்தால் அந்த 900 யூரோ மிச்சமும் கரைந்துவிடுகிறது.

ஒத்திகை: அல்சாஸில் மூன்று இரவு

பெரிய பயணத்துக்கு முன் ஒருமுறை பழகிப் பார்க்கலாம் என்று ஜூன் 8ஆம் தேதி விடுமுறையை ஒட்டி அதே வகை வண்டியை மூன்று இரவுக்கு எடுத்தோம். வாடகை 450 யூரோ. இந்தப் பயணத்தில் மிக நல்ல செலவு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ரைன் பள்ளத்தாக்கில் தெற்கே இறங்கி, பிரைசாக் அருகே நதியைத் தாண்டிப் பிரான்சுக்குள் நுழைந்து, கோல்மார் பக்கம் போய்க் கைசர்ஸ்பெர்க் சேர்ந்தோம். ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணி செய்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் பிறந்த ஊர். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள். பிரான்ஸ் இந்த விஷயத்தில் தாராளமான நாடு. ஊர் ஊருக்கு மோட்டார்ஹோம்களுக்கென்றே நிறுத்திடம், தண்ணீர் பிடிக்கக் குழாய், கழிவுநீர் விடத் தொட்டி எல்லாம் உண்டு. பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஓர் இரவு இலவசமாக நிற்க இடம் தரும் பிரான்ஸ் பேசியோன் என்ற ஏற்பாடு 1993இலிருந்து நடக்கிறது. மாலையில் கதவைத் திறந்தால் எதிரே திராட்சைக் கொடிகள், பின்னால் வோஷ் மலை. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை. அந்த மாலைகளை நான் மறக்க மாட்டேன். இந்த ஆசை தப்பான ஆசை இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அம்மாவுக்கு முதல் ஏமாற்றம் வண்டி கிளம்பிய உடனே. ஓடும்போது கட்டிலில் சாய்ந்துகொள்ளலாம், தேவைப்பட்டால் காப்பி போடலாம் என்று நினைத்திருந்தார். வண்டி ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்தே ஆக வேண்டும். வாடகை விளம்பரத்தில் ஆறு பேர் என்பது படுக்கைக் கணக்கு. பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனை என்று தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் வண்டியில் ஐந்து. அவற்றில் இரண்டு பின்னோக்கிப் பார்த்தவை, மகளுக்கு அதில் தலைசுற்றியது.

வாசலில் இரண்டு உயரமான படி. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். தலைக்கு மேலிருக்கும் படுக்கைக்கு ஏணி, அது பிள்ளைகளுக்கு. பின் கட்டில் எங்களுக்கு. அம்மாவுக்குச் சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தைகளைப் பொருத்தினால் வரும் கட்டில். அதை ராத்திரி போட்டு, காலையில் பிரித்தால்தான் மற்றவர்கள் உட்கார முடியும். குளியலறை ஆள் திரும்ப இடமில்லாத அளவு. குளித்தால் தரை முழுக்க ஈரம். ஈரத் தரையில் முழங்கால் வலிக்காரரை நிற்க வைக்க எனக்கே பயமாக இருந்தது. கழிவறைத் தொட்டி ஒரு சூட்கேஸ் அளவு பெட்டி. ஐந்து பேர் பயன்படுத்தினால் இரண்டு நாளில் நிறைந்துவிடும். கழற்றி எடுத்துப் போய் நாமேதான் கொட்டிக் கழுவ வேண்டும். அந்த வேலை எனக்குச் சிரமமாக இல்லை. மகன் செய்யும் வேலையைப் பார்த்து அம்மா சங்கடப்பட்டதுதான் சிரமமாக இருந்தது. ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருந்தாலும் அடக்கிக்கொண்டு படுத்திருந்தார் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

திரும்பி வரும்போது, கிளம்புமுன் தண்ணீர்த்தொட்டியை வேண்டுமென்றே நிரப்பி, வழியில் மணல் விற்கும் இடத்தில் இருந்த எடைமேடையில் வண்டியை ஏற்றினேன். 3,570 கிலோ. அனுமதி 3,500. என் ஓட்டுநர் உரிமம் பி வகுப்பு, அதுவும் 3.5 டன் வரைதான்.

இந்த எடைக் கணக்கை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாடகைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் இதைப் பார்ப்பதே இல்லை. வண்டியின் தாளில் ஓடத் தயாரான நிலையின் எடை 3,060 என்று இருந்தது. அதில் 75 கிலோ ஓட்டுநரும் எரிபொருளும் அடக்கம். தண்ணீர் மட்டும் தொட்டி முழுக்க இல்லை, 20 லிட்டர்தான் சேர்த்திருந்தார்கள். மிச்சம் 440 கிலோ. மற்ற நான்கு பேர் 190. தொட்டி நிறைய இன்னும் 80 லிட்டர், அதாவது 80 கிலோ. பக்கவாட்டுப் பந்தல், வெளியே போடும் மேசை நாற்காலிகள் 60. படுக்கை விரிப்புகள் 20. இவ்வளவும் போனால் ஐந்து பேரின் துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு எல்லாவற்றுக்கும் 90 கிலோ. மூன்று இரவுக்கே அதைத் தாண்டிவிட்டோம். பாரம் மிஞ்சினால் அபராதம் உண்டு. எடை குறையும்வரை வண்டியை அங்கேயே நிறுத்திவைக்கவும் போலீசாருக்கு அதிகாரம் உண்டு. பிரேக் பிடிக்கும் தூரமும் டயரின் தாங்குதிறனும் அதைவிட முக்கியம். மலைச்சாலையில் பிள்ளைகளோடு இறங்கும்போது அந்த 70 கிலோவை நினைக்காமல் இருக்க முடியாது. 3.5 டன்னுக்கு மேல் பதிவான வண்டி எடுத்தால் உரிமம் வேறு. சுவிட்சர்லாந்தில் 40 பிராங்க் வருடாந்தர நெடுஞ்சாலை ஸ்டிக்கருக்குப் பதில் கனரக வாகனக் கட்டணம். ஆஸ்திரியாவில் தூரத்தைக் கணக்கிடும் தனிக் கருவி.

ஊர் திரும்பிய அன்று இரவு அம்மா சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்கு கண்ணா. ஆனா வீடு கூட வந்தா வீட்டு வேலையும் கூடவே வருது."

காலண்டர் தாளில் பதினான்கு வரி

மறுநாள் மனைவி பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் 14 வரி போட்டாள். வரிக்கு ஓர் இரவு. ஒவ்வொரு வரியிலும் மூன்று கேள்வி. அன்றைக்கு எந்த ஊர்? வண்டி எங்கே நிற்கும்? அது நிற்கும் இடத்திலிருந்து கட்டில்வரை அத்தை எவ்வளவு நடக்க வேண்டும், எத்தனை படி?

அதுவரை நாங்கள் ஓடும் நேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கிலோமீட்டர், லிட்டர், மணி. பதினைந்து நாளில் ஓடும் நேரம் எல்லாம் சேர்த்தாலும் ஒன்றேகால் நாள்தான். மீதி நாளெல்லாம் வண்டி எங்கேயோ நிற்கும். எங்கே நிற்கும் என்ற கேள்விதான் எங்கள் விடையை மாற்றியது.

சுவிஸ் இரவுகள் ஐந்து. வெங்கன், ம்யூரன் இரண்டும் கார் நுழையாத மலையூர்கள். காரில் போனாலும் லாட்டர்ப்ரூனனில் நிறுத்திவிட்டுப் பல்சக்கர ரயிலோ கேபிள் காரோ ஏறியாக வேண்டும். செர்மாட் மலையூரும் அப்படித்தான், கீழே டேஷ் என்ற ஊரோடு கார் நின்றுவிடும். அந்த மலையூர்களைப் பார்க்க வருபவருக்கு வண்டியால் பெரிய லாபமில்லை.

மிலான் ஒன்று, வெரோனா மூன்று. இந்த நான்கு இரவுகளிலும் வண்டி வெறும் சுமை. மிலான் மையத்துக்குள் வார நாட்களில் நுழையவே ஏரியா சி என்ற தனிக் கட்டணம். வெரோனாவின் பழைய நகரம் இசட்.டி.எல். என்ற தடை வட்டம்; அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா நம்பர் பலகையைப் படித்துவிடும், அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தச் சீட்டை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. மோட்டார்ஹோம் என்றால் நகர எல்லையில் முகாம், அங்கிருந்து தினமும் இரண்டு பஸ். வெனிஸில் எந்த வண்டியும் நகர வாசலில் உள்ள பியாட்சாலே ரோமா சதுக்கத்தைத் தாண்டாது. ரயிலோ சாந்தா லூசியா நிலையத்தில் நின்றால் வெளியே கால் வைக்கும் இடத்தில் பெருங்கால்வாய்.

டோலமைட் இரவுகள் ஐந்து. நாங்கள் தங்க நினைத்த மலைப்பகுதிக்கு ரயில் இல்லை, போல்சானோவில் இறங்க வேண்டும். மலைக்கு மேல் பஸ் அல்லது கார்.

தாள் நிறைந்ததும் விடை தானாகத் தெரிந்தது. ஒன்பது இரவுக்கு ரயில், கடைசி ஐந்தில் நான்கு நாளுக்கு வாடகைக் கார். இடைப்பட்ட பாதையும் அதற்கே சாதகம். காரில் மிலான் போக கோட்ஹார்ட் சாலைச் சுரங்கம் வேண்டும். 16.9 கி.மீ., போக ஒரு தடம், வர ஒரு தடம். கோடை வார இறுதிகளில் வாசலில் வரிசை நீளும். ஒரு கி.மீ. வரிசைக்குப் பத்து நிமிடம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மோட்டார்ஹோமை ரத்து செய்தேன். முன்பணத்தில் 300 யூரோ போனது.

பாஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில். எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பது கேள்வியில்லை, எங்கே வசிக்கிறோம் என்பதே கேள்வி. அதனால் எங்கள் நால்வருக்கும் இன்டர்ரெயில், அம்மாவுக்கு மட்டும் யூரெயில். வசதி ஏறக்குறைய ஒன்றுதான். 60 வயதுக்கு மேல் பத்து சதவீதத் தள்ளுபடி. 12 வயது நிறையாத பிள்ளைகள், பெரியவர் ஒருவருக்கு இரண்டு பேர் வரை, கட்டணமில்லை. மகனுக்கு அக்டோபரில் 12 ஆகிறது, இரண்டு மாதத்தில் தப்பித்தோம். சொந்த நாட்டுக்குள் இன்டர்ரெயில் போக ஒரு நாள், வர ஒரு நாள்தான் செல்லும். எங்களுக்கு அது போதும். தள்ளுபடி டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால் கொஞ்சம் மிச்சப்படுத்தியிருக்கலாம். ஆனால் அவை குறிப்பிட்ட ரயிலோடு கட்டிப்போடும். பாஸ் என்றால் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

நடந்தது

ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட் வரை நேர் ரயில். எங்கும் மாறத் தேவையில்லை என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தோம். வழியில் தாமதம் சேர்ந்துகொண்டே போய், ரயில் பாசலிலேயே முடிக்கப்பட்டது. சுவிஸ் கால அட்டவணை குலையாமல் இருக்க, எல்லைக்கு அப்பாலிருந்து தாமதமாக வரும் ரயில்களை அங்கேயே நிறுத்திவிடுவது இந்தப் பாதையில் வழக்கம். நான்கு பெரிய பெட்டிகளோடு நடைமேடை மாற பத்து நிமிடம். பிள்ளைகள் ஆளுக்கொரு பெட்டியை இழுத்தார்கள், மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ரயிலைப் பிடித்துவிட்டோம். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தில் அம்மா முகத்தில் இருந்த பதற்றத்தைப் பார்த்தபோது, காரில் வந்திருக்கலாமோ என்று நினைத்தேன். பெட்டி அதிகம் எடுத்தது எங்கள் தப்பு. இரண்டு போதும்.

இன்டர்லாக்கனை அடுத்த வில்டர்ஸ்விலில், ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில், சமையலறையோடு தரைத்தளத்தில் வீடு. முதல் மூன்று நாள் மழையும் குளிரும், மேலே உயரத்தில் பனியே விழுந்தது. ஐந்து பேர் ஒரு மோட்டார்ஹோமுக்குள் அந்த மூன்று நாளை எப்படிக் கழித்திருப்போம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். அம்மா ரசம் வைத்தார். மழை விட்ட நாளில் வெங்கனுக்கு ஏறினோம். கீழே லாட்டர்ப்ரூனனில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டௌப்பாக் அருவி, மேலேறும் ரயிலின் ஜன்னலில் மெல்லக் கீழிறங்கிப் போகிறது. "நாப்பது வருஷமா மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல போயிருக்கேன், ரயிலு எனக்குப் புதுசா? ஆனா இப்படி மலை மேல ஏறுற ரயிலை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் அம்மா.

ஆகஸ்ட் 10, வியாழன். ஷ்பீட்ஸில் மாறி மிலானுக்கு. 2007இல் திறந்த லோட்ஷ்பெர்க் அடிவாரச் சுரங்கம் 34.6 கி.மீ., அதைத் தாண்டி பிரிக்; அப்புறம் 1906இலிருந்து ஓடும் சிம்ப்ளோன் சுரங்கம். வெளியே வந்தால் இத்தாலி. அன்று நண்பகலில்தான் கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம்புரண்டது. 57 கி.மீ. நீளமுள்ள அந்தச் சுரங்கம் முழுமையாகத் திறக்க 2024 செப்டம்பர் ஆயிற்று. ஜூரிக் வழியாகப் போக ஒரு யோசனை எங்களுக்கும் இருந்தது. வில்டர்ஸ்விலில் தங்கியதால் இந்தப் பாதை அமைந்தது, அவ்வளவுதான். இதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. அலுவலக நண்பரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

மிலானோ சென்ட்ராலே நிலையத்தில் உதவியாளர் சக்கர நாற்காலியோடு பெட்டி வாசலிலேயே நின்றார். ரயிலில் போகிற முதியவர்கள் இருக்கும் குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ரயில் பயணி உரிமை விதிகள் 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ளன. 24 மணி நேரம் முன்பு சொன்னால் உதவி தர வேண்டும். சில நாடுகள் 36 மணி நேரம் கேட்க 2026 ஜூன் வரை அனுமதி தரப்பட்டது. தனிக் கட்டணம் எதுவும் இல்லை. இத்தாலியில் இந்த உதவி நிலையத்துக்கு சாலா ப்ளூ என்று பெயர். பாசலில் இதைக் கேட்டு வைக்காமல் போனோமே என்று வருத்தப்பட்டேன்.

வெரோனாவில் மூன்று இரவும் சுகம். ரயில் நிலையத்துக்கும் பழைய நகரத்துக்கும் நடுவில் வீடு. மாலையில் பியாட்சா ப்ரா சதுக்கத்தில் உட்கார்ந்தால் எதிரே முதலாம் நூற்றாண்டு அரங்கம்; அந்த வருடம் அங்கே ஓபரா விழாவின் நூறாவது பதிப்பு. உள்ளே கல்படிகள் என்பதால் போகவில்லை. வெளியே கேட்ட வாத்திய ஒத்திகையே போதும் என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். வெனிஸுக்கு ஒன்றரை மணி நேர ரயிலில் போய் அன்றே திரும்பினோம். படகு பஸ்ஸில் பெருங்கால்வாய் முழுவதும் உட்கார்ந்தபடியே பார்த்தார்.

ஆகஸ்ட் 14, திங்கள். போல்சானோவில் கார். மறுநாள் இத்தாலி முழுக்க ஃபெர்ராகோஸ்டோ விடுமுறை, வாடகை அலுவலகங்கள் மூடியிருக்கும். அதனால்தான் பயணத் தேதிகளையே இந்த நாளுக்கு ஏற்ப அமைத்தோம். இங்கேதான் என் கணிப்பு தவறியது. நாங்கள் தங்கியது காஸ்டல்ரூத். அங்கிருந்து சைசர் ஆல்ம் மலைப்புல்வெளிக்குப் போகும் சாலை காலை 9 முதல் மாலை 5 வரை வெளிக் கார்களுக்கு மூடல். கேபிள் காரில்தான் போனோம். ப்ராக்ஸ் ஏரிக்கும் கோடையில் காலை ஒன்பதரைக்குப் பிறகு முன்பதிவு இல்லாமல் கார் போக முடியாது. விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். காஸ்டல்ரூத் இருக்கும் தெற்கு டிரோல் மாகாணத்தில் பல விடுதிகள் தங்குபவர்களுக்கு ஒரு கெஸ்ட் பாஸ் தருகின்றன, பஸ்ஸும் வட்டார ரயிலும் அதில் இலவசம். எங்களுக்கும் கொடுத்தார்கள். நான்கு நாளில் கார் உண்மையில் பயன்பட்டது இரண்டு நாள்: அந்த ஏரிக்கு ஒருநாள், மாலை வெயிலில் செல்லா கணவாய்ச் சுற்றுக்கு ஒருநாள். செல்லாவில் 2,200 மீட்டருக்கு மேல், பஸ் கூட்டம் இறங்கிப்போன பிறகு, பாறைகள் சிவந்துகொண்டிருந்தபோது காரை ஓரம் கட்டி அரைமணி நேரம் நின்றோம். அந்த அரைமணி நேரத்தை ரயில் தராது, பஸ்ஸும் தராது.

ஆகஸ்ட் 19, சனி. பிரென்னர் வழியாக மியூனிக் போகும் ரயிலில் நாங்கள் முன்பதிவு செய்த பெட்டியே இணைக்கப்படவில்லை. கொடும் வெயில், நெரிசல். ஒரு இளைஞர் அம்மாவுக்கு இடம் கொடுத்தார்; நாங்கள் இன்ஸ்ப்ரூக் வரை பெட்டிகள் மேல் உட்கார்ந்து வந்தோம். விடுமுறைச் சனிக்கிழமையில் ரயில் ஏறக் கூடாது, வெள்ளி அல்லது ஞாயிறு என்று வைத்திருக்க வேண்டும்.

கணக்கு முடித்தபோது

கடைசிச் செலவு 4,180 யூரோ. ரத்துக்குப் போன 300உம் ஒத்திகைக்குப் போன 450உம் இதில் இல்லை. இதே பயணத்தை இன்று திட்டமிட்டால் காரை நான்கு நாளுக்குப் பதில் இரண்டு நாளுக்கு எடுப்பேன், பெட்டிகளைப் பாதியாக்குவேன், ஒவ்வொரு நிலையத்திலும் உதவிக்குச் சொல்லிவைப்பேன். ரயில் என்ற முடிவை மாற்ற மாட்டேன். இரண்டு இடத்தில் ரயில் எங்களைக் கஷ்டப்படுத்தியது உண்மை. இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம். மற்ற நேரமெல்லாம் ஐந்து பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஜன்னலைப் பார்த்தோம், நானும் பார்த்தேன்.

போன மாதம் நண்பர் குடும்பம் ஒன்று, கணவன் மனைவி, ஒரு மகள், பிரான்சில் நார்மண்டி, பிரிட்டனி பகுதிகளுக்குப் போக 12 இரவுக்கு யோசனை கேட்டார்கள். எங்கள் கதையைச் சொல்லி ரயிலைப் பரிந்துரைக்கவில்லை. காலண்டர் தாளில் 12 வரி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் எழுதிக் கொண்டுவந்ததில் ஒன்பது இரவு ரயில் நிலையமே இல்லாத கடற்கரைக் கிராமங்கள். அவற்றில் ஏழில் ஊராட்சியே மோட்டார்ஹோம் நிறுத்திடம் வைத்திருக்கிறது. மூன்று பேருக்கு எடைக் கணக்குப் போட்டால், தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தும் 200 கிலோ மிச்சம் வருகிறது. ஆறு மீட்டர் வண்டி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். எடைமேடை இருக்கும் மணல் கடையின் வழியை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.